ஒரே பானைச் சோறு



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றி வந்தது. "இந்த ஏழும் சாப்பிட்டால் மறதி நோய் உங்கள் வீட்டுப் பக்கமே வராது" என்று தலைப்பு. வல்லாரை, வெண்டைக்காய், மஞ்சள், தேங்காய் எண்ணெய், பாதாம், வால்நட், மீன் எண்ணெய் மாத்திரை என்று பட்டியல். நாலைந்து பேர் "டீச்சர், இது உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். ஒருவன் தனியாகவும் எழுதினான்: "டீச்சர், அம்மாவுக்கு இப்பல்லாம் ரொம்ப மறதியா இருக்கு. இதெல்லாம் வாங்கி அனுப்பட்டுமா?"

இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள். நான் டாக்டர் இல்லை. முப்பத்து மூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள். மறதி நோய் வந்த ஒருவரை ஒன்பது வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவள். இந்த இரண்டு தகுதியில்தான் எழுதுகிறேன்.

என் புகுந்த வீடு சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய்க்குப் பக்கம். கூட்டுக் குடும்பம். என் மாமியாரும், மாமாவின் அண்ணன் மனைவியும் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே அடுப்படியில் சமைத்து ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். மாமியாரை அத்தை என்றும் மற்றவர்களைப் பெரியத்தை என்றும் கூப்பிடுவேன். சைவச் சமையல். அதே பிசானத்து நெல், அதே ஆற்றுத் தண்ணீர், அதே சொதி, அவியல், கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல்.

பெரியத்தை 91 வயதில் காலமானார்கள். அதற்கு முந்தின வாரம்கூட எந்த வயல் யாரிடம் குத்தகையில் இருக்கிறது, எத்தனை கோட்டை நெல் பாக்கி என்று வாய்க்கணக்காகச் சொன்னார்கள்.

அத்தைக்கு 68 வயதில் தொடங்கியது. கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். குழம்புக்கு உப்பு போட்டது மறந்து இன்னொரு தடவை போடுவார்கள். பிறகு ஒரு நாள், நாற்பது வருடம் குளிக்கப் போய்வந்த படித்துறையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டார்கள். கடைசி இரண்டு வருடம், வாயில் வைத்த சோற்றை மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும் என்பதே நினைவில்லை. "முழுங்குங்க அத்தை, முழுங்குங்க" என்று சொல்லிச் சொல்லி ஒரு கிண்ணம் கஞ்சி இறங்க ஒரு மணி நேரம் ஆகும். 77 வயதில் போய்ச் சேர்ந்தார்கள்.

அத்தையின் மகன்தான் என் வீட்டுக்காரர். இப்போது அவருக்கு 76. யாருடைய பெயராவது சட்டென்று வாயில் வரவில்லை என்றால் முகம் மாறிவிடும். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருமோ?" என்பார். அந்த ஏழு உணவுச் செய்தி வந்த மறுநாளே காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அதனால் இந்தப் பதிவை நான் முதலில் எழுதியது அவருக்காகத்தான்.

ஒரே பானைச் சோறு சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு ஏன் வந்தது, ஒருவருக்கு ஏன் வரவில்லை? இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று உங்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிரூபிக்க முடியாவிட்டாலும் கேள்வி கேட்கலாம். அத்தை போன பிறகு பல வருடம் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

முதலில் அந்த ஏழு உணவுக்கு வருகிறேன்.

மஞ்சளின் கதை சுவையானது. டெல்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவில் பல்லப்கர் என்று ஓர் ஊர். 1990-களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து அந்தப் பகுதிக் கிராமங்களில் வயதானவர்களைச் சோதித்தார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியோடு ஒப்பிட்டால் பல்லப்கரில் அல்சைமர் நோய் மிகவும் குறைவாக இருந்தது. உடனே, "இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், அதனால்தான்" என்று ஒரு பேச்சு உலகமெல்லாம் பரவியது. ஆயுள் குறைவு, நோய் வந்தவர்கள் சீக்கிரம் இறந்துபோவது என்று வேறு விளக்கங்களும் உண்டு என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு மஞ்சளின் சத்தான குர்குமினை மாத்திரையாக்கி அல்சைமர் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. 2023-ல் வெளியான இந்திய அளவிலான பெரிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. மஞ்சள் போடாத அடுப்படி இந்த நாட்டில் எத்தனை இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை ஏற்றும். நடுவயதில் எல்.டி.எல். கூடுதலாக இருப்பது பிற்காலத்து மறதி நோய்க்கு ஒரு காரணம் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. சொதிக்குப் பால் பிழிவதையோ அவியலுக்குத் தேங்காய் அரைப்பதையோ நான் குறை சொல்லவில்லை. மருந்து என்று நினைத்து வெறும் வயிற்றில் குடிப்பதைத்தான் சொல்கிறேன்.

மாத்திரை விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மறதி நோயைத் தடுப்பதற்கென்று பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய்க் கொழுப்பு, பல சத்துக் கலவை மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பது அதன் வழிகாட்டுதல். சோதனையில் குறைபாடு இருப்பது தெரிந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

வல்லாரையும் வெண்டைக்காயும் நல்ல காய்கறி, நல்ல கீரை. தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மறதி நோயைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்து நிரூபித்தது கிடையாது. வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்று உங்கள் அம்மாக்கள் ஊட்டியும் உங்களில் சிலர் கணக்கில் வாங்கிய மார்க் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, தனித்தனி உணவை விடுங்கள். மொத்தச் சாப்பாட்டு முறையை மாற்றினால்? சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'மைண்ட்' என்று ஒரு உணவு முறையை வகுத்தார்கள். கீரை, காய்கறி, பயறு, முழுத் தானியம், கொட்டைகள், மீன் கூடுதல். வெண்ணெய், இனிப்பு, பொரித்தது குறைவு. அப்படிச் சாப்பிடுகிறவர்களைச் சில வருடம் கவனித்ததில், மிக ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவு என்று 2015-ல் எழுதினார்கள். உலகப் பத்திரிகை எல்லாம் கொண்டாடியது. ஆனால் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் நடக்கவும் செய்வார்கள், சிகரெட் பிடிக்க மாட்டார்கள், படித்தவர்களாகவும் இருப்பார்கள். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

அதற்காகவே முறையான சோதனை நடத்தினார்கள். 604 முதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மைண்ட் உணவு, மறுபாதிக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவு. இரண்டு பக்கமும் சாப்பாட்டின் அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். மூன்று வருடம் ஆயிற்று. 2023-ல் முடிவு வந்தது: நினைவாற்றல் தேர்வில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லண்டனில் 8,225 அரசு ஊழியர்களைக் கிட்டத்தட்ட 25 வருடம் தொடர்ந்த ஆய்வும் 2019-ல் இதையே சொன்னது. நடுவயதில் நன்றாகச் சாப்பிட்டதற்கும் பிற்காலத்தில் மறதி நோய் வந்ததற்கும் நேரடித் தொடர்பு தென்படவில்லை.

அப்படியானால் பழைய ஆய்வுகளில் ஏன் தொடர்பு தெரிந்தது? ஒரு காரணம் முக்கியமானது. இந்த நோய் மூளைக்குள் பத்து, இருபது வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. மறதி வெளியே தெரிவதற்கு முன்பே பசி மாறும், ருசி மாறும், எடை குறையும். எங்கள் அத்தை 66 வயதிலேயே காயை ஒதுக்கிவிட்டு வெறும் மோர்ச்சோறு சாப்பிட ஆரம்பித்தார்கள். பார்த்தவர்கள், "காய்கறி சாப்பிடாததாலதான் இப்படி ஆயிட்டு" என்றார்கள். காயை ஒதுக்கியதே நோயின் முதல் அடையாளமாக இருந்திருக்கலாம். எது முன்னால், எது பின்னால் என்று பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது.

"அப்ப சாப்பாட்டுக்கும் மறதிக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அது வருகிற வழி வேறு.

நம் உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே வேண்டும். அதைக் கொண்டுபோவது ரத்தக் குழாய்கள். நம் தாமிரபரணிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அணைக்கட்டிலிருந்து பெரிய கால்வாய், அதிலிருந்து மடை, மடையிலிருந்து சின்ன வாய்க்கால், கடைசியில் கடைமடை வயல். தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரருக்குத் தெரியாது. கடைமடைப் பயிர்தான் முதலில் வாடும். மூளையின் ஆழத்தில் இருக்கிற பகுதிகள் கடைமடை வயல் மாதிரி. அங்கே போகிற குழாய்கள் மிக மெல்லியவை. பிரஷர் வருடக் கணக்கில் கூடுதலாக இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி சுருங்கிவிடும். சுகரும் கெட்ட கொழுப்பும் அதற்குத் துணை. கையோ காலோ விழாமல், நமக்குத் தெரியாமலே சின்னச் சின்ன இடங்கள் வாடிப்போகும். மறதி நோய் எல்லாமே இதனால் வருவதில்லை. அல்சைமருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கிறது. நம்மால் கை வைக்க முடிந்த இடம் இந்தக் குழாய்தான்.

இதற்குச் சாட்சி பலமாக இருக்கிறது. அதே லண்டன் ஊழியர்களில், 50 வயதில் மேல் பிரஷர் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு 38 சதவீதம் அதிகம். 70 வயதில் பார்த்தால், பத்து வருடத்துக்கு முன்பே சுகர் வந்தவர்களுக்குச் சுகர் இல்லாதவர்களைவிட இரண்டு மடங்கு. சீனாவில் 326 கிராமங்களில், பிரஷர் கூடுதலாக இருந்த சுமார் 34,000 பேரை வைத்து நான்கு வருடம் ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் ஊர் வைத்தியப் பணியாளர்கள் மாத்திரை கொடுத்து, அடிக்கடி பார்த்து, பிரஷரைக் கட்டுக்குள் வைத்தார்கள். அந்தக் கிராமங்களில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. 2025-ல் இந்த முடிவு வெளியானது. எந்த அபூர்வ மூலிகையும் இல்லை. விலை குறைந்த பிரஷர் மாத்திரை, ஆள் வந்து பார்ப்பது, உப்பைக் குறைக்கச் சொல்வது. அவ்வளவுதான்.

இப்போது எங்கள் அடுப்படிக்குத் திரும்பிப் பார்க்கிறேன். பெரியத்தைக்கு ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு மருத்துவ முகாமில் பிரஷர் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரையை வெற்றிலைப் பெட்டியிலேயே வைத்திருந்து ஒரு நாள் விடாமல் போட்டார்கள். டாக்டர் சொன்னதற்காக ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டார்கள். வயலுக்கும் ஆற்றுக்கும் நடந்தார்கள். அத்தையோ, "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்று ஒரு தடவையும் பிரஷர் பார்த்ததில்லை. 64 வயதில் ஒரு காலை வாய் கோணி, கை மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் பிரஷரும் சுகரும் எக்கச்சக்கம் என்று தெரிந்தது. பானைச் சோறு ஒன்றுதான். ஆனால் இலையின் ஓரத்தில் அத்தைக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காது. இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் படித்ததும் நான் பார்த்ததும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை என்று மட்டும் சொல்வேன்.

நம் தட்டைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் நடந்த ஒரு ஆய்வில் நகரத்து மனிதர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 8.5 கிராம் உப்பு சாப்பிடுவது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள். அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. ஒரு சுலபக் கணக்கு தருகிறேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது நூறு நாள் வர வேண்டும். இன்றைக்குப் பிரிக்கிற பாக்கெட்டில் தேதி எழுதி வைத்துப் பாருங்கள். நூறு நாளே வந்தாலும் அப்பளம், ஊறுகாய், வத்தல், கடை மிக்சர் இதெல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது சோறு. நாம் ஆற்றுப் பாசனத்து மனிதர்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16-ல் காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வில், நம் மக்களுக்குக் கிடைக்கும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாகத் தெரிந்தது. அதே ஆய்வின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கு மேல் சுகர்காரர்கள். இதில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு கோதுமையோ கேழ்வரகு மாவோ சாப்பிட்டால் சுகர் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் வைத்தால் குறைகிறது. ஆகவே "நான் ராத்திரி அஞ்சு சப்பாத்திதான் டீச்சர்" என்று பெருமைப்படாதீர்கள். கருப்பட்டிக் காப்பியும் அப்படித்தான். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

எங்கள் வீட்டில் இப்போது தட்டில் முதலில் அவியலோ பொரியலோ கீரையோ விழுகிறது. பிறகு பருப்பு. மிச்ச இடத்தில் சோறு. சாயங்காலம் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். தோலுள்ள உளுந்தில் உளுந்தஞ்சோறு பொங்கினால் அரிசி குறைந்து உளுந்து கூடுகிறது. நம் ஆச்சிமார் கண்டுபிடித்தது, நாம்தான் விட்டுவிட்டோம்.

இதுவரை சொன்னது நாற்பது முதல் அறுபத்தைந்து வயதுக்காரர்களுக்கு. எண்பது வயது அம்மா அப்பாவுக்கு இதை அப்படியே திணிக்காதீர்கள். இது முக்கியம். வயதானவர்களுக்கு எடை குறைவதுதான் ஆபத்து. மெலிந்துபோன ஒரு எண்பது வயது அம்மாவுக்குச் "சுகர் இருக்கு" என்று சோற்றையும் பழத்தையும் பிடுங்கிவிட்டு, பழைய அளவிலேயே சுகர் மாத்திரை கொடுத்தால் சுகர் ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் வரும். அப்படி அடிக்கடி தாழ்வதும் மூளைக்குக் கெடுதல். வயதுக்கும் சாப்பாட்டுக்கும் தகுந்தபடி மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல் இருக்கிறதா, மெல்ல முடிகிறதா, ருசி தெரிகிறதா என்று பாருங்கள்.

மறதி எல்லாமே மறதி நோயும் இல்லை. எங்கள் சித்தப்பா ஒருவர் சுத்த சைவம். மெட்ஃபார்மின் மாத்திரை பதினைந்து வருடமாகப் போடுகிறவர். திடீரென்று மறதி, தள்ளாட்டம், எரிச்சல். எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ரத்தம் பார்த்ததில் பி12 மிகக் குறைவு. சைவ உணவில் பி12 பால், தயிர் மூலம்தான் வரும். அந்த மாத்திரை பல வருடம் போட்டால் அது உடம்பில் சேர்வதும் குறையும். ஊசி போட்டு நாலைந்து மாதத்தில் ஆள் தேறிவிட்டார். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது கேளாமை இவையும் மறதி மாதிரியே வேஷம் கட்டும். எனவே அம்மாவுக்கு மறதி என்று எழுதிய பிள்ளைக்கு என் பதில்: பாதாமும் வல்லாரை மாத்திரையும் பார்சல் அனுப்புவதற்கு முன்னால், லீவு போட்டு வந்து அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. "வயசாயிட்டுல்ல" என்று யார் சொன்னாலும் கேட்காதே. பிரஷர், சுகர், பி12, தைராய்டு, காது, கண் எல்லாம் பார்க்கச் சொல்.

இன்னொன்றும் கவனி. அம்மா யாரோடு சாப்பிடுகிறார்கள்? இந்த ஆற்றங்கரை ஊர்களில் பெரிய வீடுகளில் ஒற்றை ஆளாக இருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும். ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்க என்று திங்கட்கிழமை வைத்த குழம்பு வியாழன் வரை ஓடும். ராத்திரி பிஸ்கட்டும் டீயும். லான்செட் குழு 2024-ல் கொடுத்த பட்டியலில் மாற்றக்கூடிய காரணங்கள் 14. அதில் 'உணவு' என்று தனியாக ஒரு வரி கிடையாது. பிரஷர், சுகர், கொழுப்பு, உடல் பருமன் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால்தான் உணவு நிற்கிறது. அதே பட்டியலில் காது கேளாமை, பார்வைக் குறைவு, உடலுழைப்பு இல்லாதது, மனச்சோர்வு, ஆள் பேச்சில்லாத தனிமை இவையும் உண்டு. இந்த 14-ஐயும் சரி செய்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது என்பதற்குப் பின்லாந்தில் ஒரு சோதனை நடந்தது. 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேர். ஒரு பாதிப் பேருக்குச் சாப்பாட்டு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர், கொழுப்புக் கண்காணிப்பு நான்கும் சேர்த்து இரண்டு வருடம். வெறும் பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் மூளைத் திறன் நன்றாக இருந்தது. சாப்பாடு தனியாகப் போனபோது ஜெயிக்கவில்லை. கூட்டாக வந்தபோது பலன் கொடுத்தது.

இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் நேற்று ராத்திரி வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், அது உண்மை. ஆனால் அம்மாவுக்கு 64 வரை யாரும் பிரஷர் பார்க்கவில்லை, நீங்கள் 45-லிருந்து மாத்திரை போடுகிறீர்கள், அதுவும் உண்மை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, நாளையிலருந்து எண்ணெயை நிப்பாட்டிருதேன். காது டெஸ்டுக்கும் வாரேன். ஆனா அல்வாவ மட்டும் நிப்பாட்டச் சொல்லிராத" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதை ஒத்துக்கொண்டதே எனக்குப் பெரிய வெற்றி. அல்வா மாதம் ஒரு தடவை, ஒரு துண்டு என்று ஒப்பந்தம்.

கடைசியாக, ஏன் இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு 71. என் வயதில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நான் முதலில் நடத்திய வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கடைசி வகுப்புக்காரர்கள் அவர்களைவிட இளையவர்கள். இருபது வருடம் கழித்து உங்கள் நினைவு எப்படி இருக்கும் என்பதில் உங்கள் கையில் இருக்கிற பங்கை நீங்கள் இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அப்பாவைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே வீட்டுப்பாடம். நாற்பது தாண்டியவர்கள் எல்லாரும் இந்த மாதத்துக்குள் பிரஷரும் சுகரும் கொழுப்பும் பாருங்கள். காசு ஒரு தடை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். ஊரில் தனியாக இருக்கிற பெற்றோருக்கும் அதைக் கேட்டு வாங்குங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, அவர்கள் போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இப்ப நல்லாத்தான இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வந்த எண்ணை எனக்குச் சொல்ல வேண்டாம், அது உங்கள் சொந்த விஷயம். "பாத்துட்டேன் டீச்சர்" என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும். வருகைப் பதிவேடு என் கையில் இருக்கிறது. யார் யார் எழுதவில்லை என்று மாதக் கடைசியில் பார்ப்பேன்.